ஒன்றேகால் மணி நேர விமானமா, நான்கு மணி நேர ரயிலா? ஐரோப்பாவில் அலுவல் பயணம் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பாரிஸில் கூட்டம். நீங்கள் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில். அலுவலகத்தின் முன்பதிவுத் தளத்தைத் திறந்தால் விமானத்துக்கு நேரே 1 மணி 15 நிமிடம் என்கிறது. ரயிலுக்கு நேரே 3 மணி 55 நிமிடம். பெரும்பாலானோர் அந்த இரண்டு எண்களைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "அண்ணா, ரயில்ல போகச் சொல்றாங்க. நாலு மணி நேரம் வீணாகாதா?"

வீணாகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸுக்குச் சரியாக இருக்கும் பதில், லண்டனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குச் சரியாக இருப்பதில்லை. கூடவே, கடந்த நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் நாடுகளும் போட்ட சட்டங்கள் இந்தக் கணக்கை ஒரு பக்கம் மாற்றியிருக்கின்றன. இன்னொரு பக்கம் மாற்றுவதாகச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவைத்திருக்கின்றன. மாதம் இருமுறையாவது எல்லை தாண்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டடைந்த விதி இது: எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட எத்தனை முறை மாற வேண்டும் என்று பாருங்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம். விமானம் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் விமானம்தான் எப்போதும் வெல்லும். வீட்டுக் கதவைப் பூட்டும் கணத்திலிருந்து எண்ண வேண்டும்.

இரண்டாவது, அந்த நேரத்தில் எவ்வளவு உங்களுக்குப் பயன்படுகிறது. மடிக்கணினியைத் திறந்து தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார முடிகிற பயணமும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வரிசையில் நிற்கிற பயணமும் ஒன்றாகா.

மூன்றாவது, மொத்தச் செலவு. டிக்கெட் விலையோடு விமான நிலையம் போய்வரும் கட்டணம், பெட்டிக் கட்டணம், முந்தைய இரவு விடுதி, தினப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய தொகை.

நான்காவதைத்தான் பலர் மறக்கிறார்கள். பயணம் குலைந்தால் யார் பொறுப்பு? வண்டி தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்த வண்டியில் இடம் கிடைக்குமா, கைக்காசு போட வேண்டுமா?

ஐந்தாவது, உமிழ்வு. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கில் 2018ஆம் ஆண்டின் சராசரி, ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ரயில் 33 கிராம், கார் 143 கிராம், விமானம் 160 கிராம். சிறு தூர விமானத்தில் எரிபொருளின் கணிசமான பங்கு மேலெழும்புவதற்கே செலவாகிவிடுவதால் உண்மையான எண் இந்தச் சராசரியையும் தாண்டும்.

ஆறாவது, காகிதங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இது தனி அத்தியாயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

## ஒரே பாதை, மூன்று வழிகள்

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு வீட்டிலிருந்து பாரிஸ் நகருக்குள் ஓர் அலுவலகம் வரை, ஒருவழிப் பயணத்துக்கு நான் போடும் கணக்கு இது. உமிழ்வை மேற்சொன்ன சராசரிகளால் பெருக்கியிருக்கிறேன், ஆகவே தோராயம்தான்.

| | விமானம் | நேரடி அதிவேக ரயில் | கார் |
|---|---|---|---|
| வண்டிக்குள் நேரம் | 1 மணி 15 நிமிடம் | சுமார் 3 மணி 55 நிமிடம் | சுமார் 6 மணி |
| வாசல் முதல் வாசல் வரை | சுமார் 5 மணி | சுமார் 5 மணி | 6½ முதல் 7 மணி |
| தொடர்ந்து வேலை செய்யக்கூடிய நேரம் | முக்கால் மணி, அதுவும் துண்டு துண்டாக | 3 மணிக்கு மேல் | ஓட்டுபவருக்கு இல்லை |
| உமிழ்வு, ஒருவருக்கு | சுமார் 72 கிலோ | சுமார் 20 கிலோ | சுமார் 80 கிலோ. தனியாக ஓட்டினால் இன்னும் கூடும் |
| தாமதத்துக்கு இழப்பீடு | 3 மணி தாமதமானால் 250 யூரோ | 1 மணிக்குக் கட்டணத்தில் 25%, 2 மணிக்கு 50% | இல்லை |

விமானத்துக்கு ஐந்து மணி நேரமா என்று கேட்பவர்கள் கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி, பாதுகாப்புச் சோதனைக்காக முன்கூட்டிய ஒன்றரை மணி, பறத்தல் ஒன்றேகால், இறங்கி வெளியே வர அரை மணி, சார்ல் து கோல் நிலையத்திலிருந்து நகருக்குள் புறநகர் ரயிலில் முக்கால் மணி, அங்கிருந்து அலுவலகத்துக்குக் கால் மணி. ரயிலோ பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தில், நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. நேரம் சமம். கையில் மிஞ்சும் வேலை நேரம் நான்கு மடங்கு.

## விமானம்: சட்டங்கள் எவ்வளவு கடித்திருக்கின்றன

பிரான்ஸ் குறுந்தூர விமானங்களுக்குத் தடை போட்ட செய்தி உலகமெங்கும் ஓடியது. 2021 ஆகஸ்டில் நிறைவேறிய காலநிலைச் சட்டத்தின்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்த இடங்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது. ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் ஒப்புதல் தந்தது, 2023 மே மாதம் ஆணை வெளியானது. ஆனால் கைக்கு வந்தபோது அது பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று பாதைகளோடு நின்றுவிட்டது. இணைப்பு விமானப் பயணிகளுக்கு விலக்கு. சட்டத்துக்கு யோசனை சொல்ல அமைத்த குடிமக்கள் மன்றம் முதலில் கேட்டது நான்கு மணி நேர வரம்பு. அது ஏற்கப்பட்டிருந்தால் கதையே வேறு. எல்லை தாண்டும் பயணத்தை இந்தத் தடை தொடவே இல்லை.

உண்மையில் விலையைத் தொடுபவை வேறு மூன்று.

ஒன்று, கார்பன் சந்தை, அதாவது உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் அனுமதி வாங்க வேண்டிய ஏற்பாடு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் பறக்கும் விமானங்கள் 2012 முதல் அதில் இருந்தாலும் பெரும்பாலான அனுமதிகள் இலவசமாகவே தரப்பட்டுவந்தன. அந்த இலவசம் 2024இல் கால்பங்கு, 2025இல் அரைப்பங்கு வெட்டப்பட்டு, 2026இல் முற்றாக நின்றுவிட்டது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால், டன்னுக்கு 75 யூரோ என்று வைத்துக்கொண்டு 72 கிலோவுக்கு ஐந்தரை யூரோவுக்கும் குறைவு. அந்தத் தொகைக்காக யாரும் விமானத்தை விட்டு ரயிலுக்கு மாறப்போவதில்லை.

இரண்டு, விமான எரிபொருளில், பழைய சமையல் எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் உமிழ்வு குறைந்த எரிபொருளைக் கலக்கும் கட்டாயம். 2025இல் 2 சதவீதம், 2030இல் 6, 2035இல் 20, 2050இல் 70. இப்போதைக்குச் சிறிய பங்கு. ஆனால் சாதாரண எரிபொருளைவிடப் பல மடங்கு விலை என்பதால் 2030களில் டிக்கெட்டில் நன்றாகத் தெரியும். லுஃப்தான்சா குழுமம் 2025 ஜனவரி முதல் புறப்படும் பயணங்களுக்கு 1 முதல் 72 யூரோ வரை சுற்றுச்சூழல் செலவுக் கட்டணம் என்று தனியே சேர்க்கத் தொடங்கியதற்கு இந்த விதிகளே காரணமாகச் சொல்லப்பட்டன. குறுந்தூரச் சாதாரண வகுப்புக்கு அந்த வரம்பின் கீழ்முனைதான்.

மூன்று, நாடுகள் போடும் பயணி வரி. இங்கேதான் கொள்கை ஒரே திசையில் ஓடவில்லை என்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஜெர்மனி 2024 மே மாதம் குறுந்தூர வரியை 15.53 யூரோவாக உயர்த்தியது. 2025 நவம்பரில் ஆளும் கூட்டணி அதை 2026 ஜூலை முதல் குறைப்பதென முடிவெடுத்தது. பிரான்ஸ் 2025 மார்ச்சில் ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பு வரியை 2.63இலிருந்து 7.40 யூரோவாகவும், அதே தூரத்துக்கு உயர் வகுப்பு வரியை 30 யூரோவாகவும் ஏற்றியது. நெதர்லாந்தில் 2025இல் 29.40. ஆஸ்திரியாவில் 350 கிலோமீட்டருக்குக் குறைந்த பறத்தலுக்கு 30 யூரோ. சுவீடனோ 2025 ஜூலையில் வரியையே எடுத்துவிட்டது. இதற்கெல்லாம் அடியில், விமான எரிபொருளுக்கு வரியில்லை என்ற பழைய ஏற்பாடு அசையாமல் இருக்கிறது. 2021 ஜூலையில் ஆணையம் அதை மாற்ற முன்மொழிந்தது. வரி விஷயத்தில் எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பதால் அது நகரவில்லை. ரயில் ஓடும் மின்சாரத்துக்குப் பல நாடுகளில் வரி உண்டு. இதை நான் வெறும் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை; நியாயம் தலைகீழாக நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

விமானத்தின் மறைசெலவு நம் பழமொழி சொல்வதுதான்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாற்பது யூரோ டிக்கெட்டுக்குப் பின்னால் பெட்டிக் கட்டணம், இரு முனையிலும் நகருக்கான பயணம் (சார்ல் து கோலிலிருந்து பாரிஸுக்கு 2025இல் 13 யூரோ), காலை ஏழு மணி விமானம் என்றால் விடியற்காலை வாடகைக் கார் எல்லாம் வரிசையாக வருகின்றன. உங்கள் நிறுவனம் கார்பன் ஈடுகட்டும் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைக் குறைப்பாக எண்ணிவிடாதீர்கள். பறத்தலின் உமிழ்வு அப்படியே இருக்கிறது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கே.எல்.எம். நிறுவனத்தின் பசுமை விளம்பரங்கள் தவறான எண்ணத்தைத் தருகின்றன என்று தீர்ப்பளித்தது. ஈடுகட்டலைக் காட்டி 'கார்பன் சமநிலைப் பொருள்' என்று நுகர்வோரிடம் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியமே 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது.

அப்படியானால் விமானம் எப்போது சரி? கடல் தாண்ட வேண்டும், அல்லது ரயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால். ஹெல்சிங்கி, லிஸ்பன், ஏதென்ஸ், டப்ளின் போன்ற ஊர்களுக்கு வாதமே வேண்டாம். குழந்தையை மாலை காப்பகத்திலிருந்து அழைக்க ஒரே ஆள் நீங்கள் என்றால், வியன்னாவுக்கு ஒரே நாளில் போய்வர விமானம்தான் உதவும். அதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

## நேரடி அதிவேக ரயில்

2007இல் பாரிஸின் கிழக்கே அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து ஜெர்மன், பிரெஞ்சு ரயில்வேக்கள் சேர்ந்து இந்தப் பாதையை ஓட்டுகின்றன. பிரான்ஸுக்குள் மணிக்கு 320 கிலோமீட்டர். பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் ஒரு மணி 22 நிமிடம், பாரிஸ்–லண்டன் இரண்டேகால் மணி, பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் மூன்று மணி இருபது நிமிடம், மியூனிக்–வியன்னா நான்கு மணி. இவை எல்லாவற்றிலும், மாறாமல் ஒரே வண்டியில் போக முடிகிறவரை, விமானத்தைத் தேடுவதே வீண் வேலை. 2024 டிசம்பர் 16 முதல் பெர்லினுக்கும் பாரிஸுக்கும் பகலில் நேரடி ரயில் ஓடுகிறது. எட்டு மணி நேரம். அதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நீண்ட அறிக்கை ஒன்றை எழுதி முடிக்க வேண்டிய நாளில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தொலைபேசி அலைவரிசை அவ்வப்போது அறுபடுவதுகூட அன்றைக்கு உதவிதான்.

ரயிலின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர வண்டிகளில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், ஆறு நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாக அவர்களே எண்ணும் கணக்கில். பல ஆண்டுகள் பராமரிக்காமல் விட்ட தண்டவாளங்களை இப்போது முழுப் பாதையாக மூடிப் பழுதுபார்க்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் பாதை 2024இல் ஐந்து மாதம் மூடியது. ஹம்பர்க்–பெர்லின் 2025 ஆகஸ்டில் மூடியது. கூட்டத் தேதியை ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் பாதையில் மூடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேரடி ரயிலில் அரை மணி தாமதம் என்றால் அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான். மாறிச் செல்லும் பயணத்தில் அதே அரை மணி இரண்டு மணி நேரமாக வளரும். நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மிலானில் ஒரு வேலைக்காக இரண்டு ரயில்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் வாங்கியிருந்தேன். அப்படி வாங்கியதில் முப்பது யூரோ மிச்சம். எல்லையோர நிலையம் ஒன்றில் இறங்கியபோது இணைப்பு வண்டியின் கடைசிப் பெட்டி நடைமேடையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது டிக்கெட் அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும் என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கினேன். அன்றைய முதல் கூட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே காத்திருந்த வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ரயில் பயணிகள் உரிமை விதிப்படி, முழுப் பயணமும் ஒரே டிக்கெட் ஒப்பந்தமாக இருந்தால், இணைப்பு தவறினால் உங்களைச் சேர வேண்டிய ஊருக்குக் கொண்டுசேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. தனித்தனி ஒப்பந்தம் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பல தேசிய ரயில்வேக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டில், இணைப்பு தவறியவர்களை அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அது சலுகைதான். முதல் வண்டியின் நடத்துநரிடம் தாமதத்தை எழுதி வாங்கிவையுங்கள். ஒரே தளத்தில் ஒரே டிக்கெட், வழி முழுக்க உரிமை என்று ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் 2024 ஜூலையில் வாக்குக் கொடுத்தார். தண்டவாளம் போடுவதைவிட மிகக் குறைந்த செலவில், இத்தனை பேரை ரயிலுக்குக் கொண்டுவரக்கூடிய வேறொரு சீர்திருத்தம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கணக்கில் அது தள்ளிப்போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

2025 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட அதிவேக ரயில் திட்டம் பெர்லின்–கோபன்ஹேகன் பயணத்தை 2030க்குள் ஏழு மணியிலிருந்து நான்காகவும், சோஃபியா–ஏதென்ஸ் பயணத்தை 2035க்குள் பதிமூன்றே முக்கால் மணியளவிலிருந்து ஆறாகவும் குறைப்போம் என்கிறது. அன்றைக்குப் பார்ப்போம். இன்றைய கூட்டத்துக்கு இன்றைய கால அட்டவணைதான்.

## இரவு ரயில்

இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஏறி, காலையில் நகரின் நடுவே இறங்குவது. ஒரு விடுதிக் கட்டணம் மிச்சம். பகல் முழுதும் கையில். காகிதத்தில் இதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

நடைமுறையில் இரண்டு பிரச்சினைகள். முதலாவது, தனி அறை வேண்டுமென்றால் விலை விடுதியை எட்டிவிடுகிறது. ஆறு பேர் படுக்கும் பெட்டியில் போனால் காலையில் வாடிக்கையாளர் முன் நிற்கும் தெம்பு எல்லோருக்கும் இருக்காது. இரண்டாவது, இந்தச் சேவைகள் மானியத்தின் தயவில் ஓடுகின்றன. ஆஸ்திரிய ரயில்வேயின் பாரிஸ்–பெர்லின் இரவு ரயில் 2023 டிசம்பரில் பெரும் வரவேற்போடு தொடங்கி, பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதால் 2025 டிசம்பரில் நின்றது. பாரிஸ்–வியன்னா வண்டிக்கும் அதே கதி. இதை நம்பி வாராந்திரப் பயணத்தைத் திட்டமிட்டவர்களின் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற தனியார் கூட்டுறவு நிறுவனம் பாரிஸ்–பெர்லின் பாதையை 2026 மார்ச்சில் வாரம் மூன்று முறை எடுத்து நடத்துவதாக அறிவித்தது. பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் பாதையை அது 2023 மே முதலே ஓட்டுகிறது.

சூரிக்கிலிருந்து ஹம்பர்க், பெர்லின் போன்ற ஊர்களுக்கு, கூட்டம் காலை பதினொன்றுக்குப் பிறகு என்றால், நான் இதைத் தேர்வேன். காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

## கார்

கருவிகளோடு மூன்று பேர் போகிறீர்கள், தொழிற்சாலை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது என்றால் கார்தான் அறிவுள்ள தேர்வு. மின்சாரக் காருக்கான தயக்கமும் முன்போல இல்லை. ஐரோப்பிய விதி ஒன்றின்படி, முதன்மை நெடுஞ்சாலைகளில் 2025 முடிவுக்குள் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேகச் சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும். புதிய வேக நிலையங்களில் வங்கி அட்டையால் பணம் செலுத்த முடிய வேண்டும்.

பாரிஸ் நகருக்குள் தனியாக ஓட்டிப் போவதோ முழு நட்டம். ஜெர்மன் விதிப்படி சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.30 யூரோ என்று கணக்கிட்டால் 570 கிலோமீட்டருக்கு 171 யூரோ. மேலே பிரெஞ்சுச் சுங்கச் சாவடிகள். 2024 அக்டோபர் முதல் பாரிஸின் மையத்தில் கனமான வெளியூர்க் கார்களுக்கு நிறுத்தக் கட்டணம் மணிக்கு 18 யூரோ. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கும் இது பொருந்தும். இன்னொன்றை ஊழியர்கள் கவனிப்பதே இல்லை: நிறுவனம் சொல்லி நீங்கள் ஓட்டிய நேரம் ஜெர்மனியில் வேலை நேரமாகவே எண்ணப்படும். ஒரு நாளில் பத்து மணி நேரம்தான் உச்சம். ஆறரை மணி ஓட்டிவிட்டு நான்கு மணி கூட்டத்தில் உட்கார்ந்தால் அன்றே சட்டத்தை மீறிவிட்டீர்கள்.

## போகாமலே இருப்பது

காணொளிக் கூட்டத்தை ஒரு தேர்வாகவே எழுதாத ஒப்பீடு நேர்மையற்றது. பழகிய குழுவின் நிலை அறிக்கைக்கு யாரும் எங்கும் போக வேண்டாம். முதல் சந்திப்பு, முறுகிய உறவு, கருவியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலை, இவற்றுக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மூன்று சிறு பயணங்களை ஒரு நீண்ட பயணமாக்கி இரண்டு இரவு தங்கினால் செலவும் உமிழ்வும் ஒருசேரக் குறைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சுற்றுச்சூழல் தாக்கத்தை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்னும் ஐரோப்பிய நீடித்தன்மை அறிக்கைச் சட்டம் வந்தபோது ஊழியர் பயணமும் கணக்கில் ஏறும் என்று நம்பினோம். 2025 பிப்ரவரியில் தொடங்கிய தளர்த்தலின் முடிவில், அந்த ஆண்டு டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி ஆயிரம் ஊழியர்களுக்கும் 45 கோடி யூரோ விற்றுமுதலுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தும். உங்கள் நிறுவனம் சிறியது என்றால் சட்டம் இனி உங்களைக் கேட்காது. பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தப் புள்ளி கோரும்போது கேட்பார். அதனால் பயணக் கணக்கை வைத்திருப்பது நல்லது.

## நம் கடவுச்சீட்டும் இந்தத் தேர்வும்

ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்று நினைத்து அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ரயில் ஏறாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. பாரிஸிலிருந்து திரும்பும் ரயிலில் சார்புரூக்கனை ஒட்டியோ, கேல் பாலத்துக்குப் பிறகோ காவலர்கள் ஏறுவது வழக்கமாகிவிட்டது. கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். நிழற்படி போதாது.

ஒரு நாள் பயணமானாலும் நீங்கள் வேலை செய்யும் நாட்டிலேயே சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்று காட்டும் ஏ1 சான்றிதழை உங்கள் நிறுவனம் எடுத்துத் தர வேண்டும். பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இதைக் கேட்டுப் பார்க்கிறார்கள். எதில் போனாலும் இது உண்டு.

லண்டன் தனிக் கதை. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் ஜெர்மன் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது. பிரிட்டிஷ் விசா தனியே வேண்டும். எதிர்த் திசையில், பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு லண்டனில் வாழும் நம் ஈழத் தமிழ் உறவுகளுக்கு 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய ஐரோப்பிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை பொருந்தும். முதல்முறை கைரேகையும் முகப்படமும் பதிய வேண்டும். லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் பிரெஞ்சு எல்லைச் சோதனை ரயில் ஏறும் முன்பே நடப்பதால், அந்த நேரத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

## என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்னவை

கொலோனில் இருக்கும் தம்பிக்கு மாதம் இருமுறை பிரஸ்ஸல்ஸ். நேரடி ரயில், இரண்டு மணிக்குள். வேறு பேச்சே வேண்டாம். சலுகை அட்டையை நிறுவனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஃபிராங்க்ஃபர்ட்–பாரிஸ் கேட்டவருக்கு முதல் ரயில் தவறினாலும் இரண்டாவது வண்டியில் கூட்டத்துக்குப் போய்விடும்படி இடைவெளி வைத்து முன்பதிவு செய்து கொடுத்தேன். அவர் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் டிக்கெட் விலையை முதலில் எழுதவில்லை. மூன்று மணி நேர வேலை ரயிலிலேயே முடியும் என்பதை முதலில் எழுதினார். அனுமதி அன்றே வந்தது.

சென்னையிலிருந்து ஒரு வாரத்துக்கு வரும் தோழி ஒருவர் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பார்சிலோனா மூன்றிலும் வாடிக்கையாளர்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையே ரயில். பாரிஸ்–பார்சிலோனா நேரடி ரயிலுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; சனிக்கிழமை பகலில் போகிறார் என்பதால் அதையும் ரயிலாகவே வைத்தோம். வேலை நாளாக இருந்தால் விமானம் என்றுதான் சொல்லியிருப்பேன். விமானத்தில் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டோமே, இனி இதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். நீண்ட பயணத்தைத் தவிர்க்க வழியில்லை, குறுகியவற்றைத் தவிர்க்க வழியிருக்கிறது என்றேன்.

லண்டனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வரும் அக்காவுக்குச் சொன்ன பதில்தான் எனக்கே பிடிக்காதது. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியே ரயில் ஓட்டும் யூரோஸ்டார் நிறுவனம் இந்தப் பாதையில் நேரடி ரயிலை 2030களின் தொடக்கத்தில் ஓட்டப்போவதாக 2025 ஜூனில் அறிவித்திருக்கிறது. அதுவரை பிரஸ்ஸல்ஸில் மாற வேண்டும். காலையில் கூட்டம் என்றால் விமானத்தில் வாருங்கள் என்றேன். மறுநாள்தான் கூட்டம் என்றால் ஒரே டிக்கெட்டாக வாங்கி, பிரஸ்ஸல்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வைத்து, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அன்றைய கடைசி வண்டியாக இல்லாமல் அதற்கு முந்தைய வண்டியில் இடம் பிடியுங்கள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். வரும் வியாழக்கிழமை மாலை அவரை அழைத்துவர நிலையத்துக்குப் போகிறேன்.